பழைய படகை நீங்களே சீர்செய்யுங்கள், ஆனால் அடியிலிருந்து தொடங்குங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் பத்து நாளாக ஒரே விவாதம். இங்கிலாந்தின் தென்கரையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்) 1960களில் கட்டிய ஒரு மர மோட்டார் யாட்டை வாங்கியிருக்கிறார். நாற்பது அடிக்குச் சற்றுக் குறைவான நீளம். இரண்டு டீசல் எஞ்சின். நான்கு பேர் படுத்துத் தூங்கலாம், சமைக்கலாம். அதைத் தானே பழுதுபார்த்து, உள்ளே புதிதாக அலங்கரித்து, அடுத்த கோடையில் மனைவி பிள்ளைகளோடு கடலில் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

குழுவில் பாதிப் பேர் "காசைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டாதே" என்கிறார்கள். மீதிப் பேர், "பெரிய வேலையையெல்லாம் யார்டில் கொடுத்துவிடு, மெத்தை, திரை, பெயின்ட் மட்டும் நீ பார்த்துக்கொள்" என்கிறார்கள். கடைசியில் தம்பி என்னிடம், "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

எனக்கு இரண்டு கட்சியோடும் உடன்பாடு இல்லை. அவர் தானே சீர்செய்யலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் குழுவில் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். மெத்தையையும் திரையையும் தையற்காரரிடம் கொடுக்கட்டும். பலகை, குழாய், வால்வு, வயர், எஞ்சின், டேங்க் என்று கண்ணில் படாத இடத்தில் இருப்பவற்றில்தான் அவருடைய கை பட வேண்டும். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் நிற்கட்டும், ஆனால் ஸ்பானர் இவர் கையில் இருக்கட்டும்.

எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. ஆனால் 33 வருடம் வேதியியல் நடத்தியவன். தூத்துக்குடியில் தோணி கட்டுகிற கரைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். என் தாய்மாமா ஓடாவி. போன வருடம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது தம்பி என்னை அந்தப் படகைப் பார்க்க அழைத்துப் போனார். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் மரத்தைப் பற்றி.

மரப் படகைக் கடல் தண்ணீர்தான் அழிக்கும் என்று நினைக்கிறோம். உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்துக்குப் பெரிய பகை. மரத்தை மக்க வைப்பது ஒரு பூஞ்சை. மரத்தில் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் போய், காற்றோட்டமும் இல்லாவிட்டால் அது வேலையைத் தொடங்கிவிடும். உப்பு ஏறிய மரம் அதற்குப் பிடிக்காது. அந்தக் காலத்தில் மரக்கப்பல் கட்டுகிறவர்கள் பலகைகளுக்கு இடையே உப்பைக் கொட்டி வைத்ததற்குக் காரணம் இதுதான். ஆகவே பழைய மோட்டார் யாட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரில் மூழ்கியிருக்கும் பலகையைவிட, மேல்தளத்தின் ஓரம், ஜன்னல் சட்டத்தின் கீழ்மூலை, கைப்பிடி ஸ்க்ரூ இறங்கும் இடம் ஆகியவற்றைத்தான். அங்கிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் மழைத் தண்ணீர் உள்ளே அழகான பேனலுக்குப் பின்னால் போய், வங்குக்கால்களின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பளபளவென்று வார்னிஷ் இருக்கும். உள்ளே விரலை வைத்தால் ரொட்டி மாதிரி அமுங்கும்.

தம்பியின் படகைச் சோதித்த சர்வேயரிடம் இருந்த முக்கியமான கருவி ஒரு சின்னச் சுத்தியல். பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போனாராம். நல்ல மரம் 'டங்' என்று பதில் சொல்லும், மக்கிய மரம் 'தொப்' என்று சொல்லும். என் மாமாவும் விரல் முட்டியால் இதைத்தான் செய்வார். தம்பி, அந்தச் சுத்தியலை நீயும் ஒன்று வாங்கி வைத்துக்கொள். வாங்கும்போது ஒருமுறை சர்வேயர் தட்டினால் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை உன் கையால் தட்டிப் பார்த்தால், மூன்றாவது வருடத்தில் எந்த இடத்தின் ஓசை மாறியிருக்கிறது என்று உன் காதுக்குத் தெரியும். எந்த நிபுணருக்கும் அது தெரியாது, ஏனென்றால் போன வருட ஓசை அவர் காதில் இல்லை.

குழுவில் ஒருவர், "மேலே ஃபைபர் கிளாஸ் ஒட்டிவிட்டால் ஒழுகல் எல்லாம் போய்விடும்" என்று எழுதியிருந்தார். ஃபைபரிலேயே கட்டிய படகுக்கு அது சரி. பலகைக்குப் பலகை இடுக்கு விட்டுக் கட்டிய பழைய மரப் படகுக்கு அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மரம் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். ஃபைபர் அப்படி அசையாது. சில வருடத்தில் இரண்டும் பிரிந்து, நடுவில் தண்ணீர் தங்கி, மூடிய அறைக்குள் மக்க ஆரம்பித்துவிடும். நம் தோணிகளில் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து அடைப்பார்களே, கலப்பற்று, அதேதான் அங்கேயும் வழி. கரையில் மாதக்கணக்கில் காய்ந்த படகைத் தண்ணீரில் இறக்கினால் முதலில் ஒழுகத்தான் செய்யும். பலகை ஊறிப் பருத்ததும் தானே அடைத்துக்கொள்ளும். அதுவரை பம்ப் ஓட வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். முதல் இரவு முழுக்கக் கிரேன் பட்டையிலேயே தொங்கவிட்டு வைக்கிற வழக்கமும் உண்டு.

இனி என் பாடத்துக்கு வருகிறேன்.

1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடித்தது. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவிடமிருந்து காப்பாற்றத்தான். மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் போய்வந்த பிறகு பரிசோதித்தார்கள். புழு தொடவில்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்து போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. ஏன் என்று பார்த்தால், செப்புத் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழிக்கப்படாமல் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடாத இடத்தில் ஆணி பிழைத்தது.

பதினோராம் வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்த மின்கலம் நினைவிருக்கிறதா? இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவில் உப்புக் கரைசல், இரண்டையும் இணைக்க ஒரு பாதை. அவ்வளவுதான், ஒன்று கரைய ஆரம்பித்துவிடும். படகு என்பது அந்த மின்கலத்துக்குள் மனிதர்கள் குடியிருக்கும் ஏற்பாடு. வெண்கலப் புரொப்பல்லர், எஃகுத் தண்டு, பித்தளை வால்வு, சுற்றிலும் உப்புத் தண்ணீர்.

1824இல் ஹம்ஃப்ரி டேவி இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். செப்புத் தகட்டோடு கொஞ்சம் துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துவிட்டால், அது கரைந்து செம்பைக் காப்பாற்றும். இன்றைக்கும் படகின் அடியில் போல்ட் போட்டு மாட்டுகிற ஆனோடு கட்டிக்கு அவர்தான் தாத்தா. ஆனால் அவருடைய சோதனையில் ஒரு வேடிக்கை நடந்தது. செம்பு கரையாமல் பிழைத்தது, ஆனால் அடியில் பாசியும் கொட்டலசும் மண்டிவிட்டன. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததுதான் அதுவரை அவற்றை விரட்டிக்கொண்டிருந்தது! கடற்படை அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஒரு இடத்தைச் சரிசெய்தால் இன்னொரு இடத்தில் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும், பழைய படகு சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது.

தம்பிக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. உப்புத் தண்ணீரில் துத்தநாக ஆனோடு, நல்ல தண்ணீரில் மக்னீசியம், இரண்டும் கலந்த முகத்துவாரங்களில் அலுமினியம். படகு எங்கே நிற்கப்போகிறதோ அதற்கேற்ற கட்டியை மாட்ட வேண்டும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். கரையவே இல்லை என்றால் சந்தோஷப்படக் கூடாது, தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

அதைவிட முக்கியம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே படகின் உடம்பைத் துளைத்துப் போகிற ஒவ்வொரு குழாயும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே வரும் வழி, கழிவறை வழி, தொட்டி வழி என்று நாலைந்து இருக்கும். அவற்றின் வால்வு சாதாரணப் பித்தளையாக இருந்தால், உப்புத் தண்ணீர் அதிலுள்ள துத்தநாகத்தை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். மிச்சம் இருப்பது இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சு போன்ற செம்பு. பார்வைக்கு வால்வு முழுசாக இருக்கும், ஒருநாள் கைப்பிடியைத் திருப்பும்போது முறிந்து கையோடு வரும். தம்பி எனக்குப் படம் அனுப்பிய அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "அந்த வால்வு வெண்கலமா, பித்தளையா?" என்பதுதான். சுரண்டிப் பார்த்தார். இரண்டு இடத்தில் இளஞ்சிவப்பாக இருந்தது. சோபாவுக்கு வைத்திருந்த பணம் அந்த வால்வுகளுக்குப் போனது. எனக்கு அதில் பரம திருப்தி.

அடுத்தது வாயு. இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன்.

காற்றின் சராசரி மூலக்கூறு நிறை சுமார் 29. புரொப்பேன் 44. பியூட்டேன் 58. வீட்டுச் சமையலறையில் கேஸ் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகில் அது கீழே இறங்கி, பில்ஜ் என்று சொல்லும் அடிவயிற்றில் குளம் மாதிரி தேங்கும். அங்கே கதவும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. பம்பின் ஸ்விட்சில் ஒரு பொறி போதும். பெட்ரோல் ஆவியும் இப்படித்தான். கார்பன் மோனாக்சைடின் நிறை 28, அதனால் காற்றோடு காற்றாகக் கலந்துவிடும். வாசனையும் கிடையாது. தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே கேஸ் குழாய் வேலையைத் தகுதிச் சான்று பெற்றவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். இதில் "நானே செய்கிறேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று நோட்டில் படம் வரைந்து வைத்துக்கொள். கசிவு அலாரத்தையும் மோனாக்சைடு அலாரத்தையும் மாட்டிய பிறகுதான் பிள்ளைகளை அங்கே தூங்க விட வேண்டும்.

வயரிங்கும் அப்படித்தான். வீட்டுக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி வயர் படகின் அதிர்வில் முறியும். பல இழை கொண்ட, ஈயம் பூசாமல் வெள்ளீயம் பூசிய செப்பு வயர் வேண்டும். ஐம்பது வருடத்தில் ஐந்து உரிமையாளர்கள் ஆளுக்கொரு வயரைச் சேர்த்திருப்பார்கள், பழையதை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். எது எங்கே போகிறது என்று தெரியாத வயரைக் கழற்றிவிடுவதே நல்லது.

"சார், இதையெல்லாம் யார்டிலேயே கொடுத்துவிட்டால் இன்னும் நன்றாகச் செய்வார்களே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நன்றாகவே செய்வார்கள். ஆனால் நடுக்கடலில் எஞ்சின் நின்றால் யார்டுக்காரர் வர மாட்டார். டீசல் எஞ்சின் நிற்பதற்குப் பெரும்பாலும் பெரிய காரணம் இருக்காது. டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கி, அந்தத் தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து, அந்தக் கருப்புக் கசடு ஃபில்டரை அடைத்திருக்கும். அல்லது குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கிற ரப்பர் இம்பெல்லர் கிழிந்திருக்கும். இரண்டையும் தன் கையால் ஒருமுறை கழற்றி மாட்டியவருக்கு அது அரைமணி நேர வேலை. கழற்றியே பார்க்காதவருக்கு அது ஆபத்து.

இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. டைட்டானிக்கில் உயிர் பிழைத்த அதிகாரிகளில் மூத்தவர் சார்லஸ் லைட்டோலர். அவர் 1929இல் பிரிட்டிஷ் கடற்படைத் துறை கழித்துக்கட்டிய ஒரு பழைய நீராவிப் படகை வாங்கி, அதை மோட்டார் யாட்டாக மாற்றினார். 'சன்டவுனர்' என்று பெயர். குடும்பத்தோடு அதில் பல கோடைகள் சுற்றினார். 1940இல் டன்கிர்க் கடற்கரையில் படைவீரர்கள் சிக்கிக்கொண்டபோது, கடற்படை அந்தப் படகைக் கேட்டது. படகைத் தருகிறேன், ஆனால் ஓட்டப்போவது நான்தான் என்றார் அவர். அப்போது அவருக்கு வயது 66. மூத்த மகனையும் ஒரு சாரணர் இளைஞரையும் கூட்டிக்கொண்டு ஜூன் 1ஆம் தேதி கால்வாயைக் கடந்தார். இருபதுக்குச் சற்று மேல் ஆட்களைத்தான் அதுவரை ஏற்றியிருந்த அந்தப் படகில் சுமார் 130 பேரை ஏற்றிக்கொண்டு, விமானத் தாக்குதலுக்கு நடுவே வளைந்து நெளிந்து திரும்பி வந்தார். எந்தப் பக்கம் எத்தனை பேர் நின்றால் படகு எவ்வளவு சாயும், சுக்கானைத் திருப்பினால் எத்தனை நொடியில் கேட்கும் என்பது அவருக்கு உடம்பில் ஊறியிருந்தது. வேறொருவர் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அந்தப் படகு இன்றும் ராம்ஸ்கேட்டில் இருக்கிறது.

நம் தம்பி போருக்குப் போகப்போவதில்லை. ஆனால் காற்று மாறுகிற மாலை நேரத்தில் இரண்டு பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது அவருக்கும் அந்தப் பழக்கம் தேவைப்படும். கடையில் வாங்க முடியாத சரக்கு அது.

சரி, அலங்காரம் வேண்டாமா? வேண்டும். குடும்பம் மகிழ்ச்சியாக இருக்கத்தானே படகு. ஆனால் அதற்கும் படகுக்கே உரிய விதிகள் உண்டு.

ஒன்று, எடை. அழகாக இருக்கிறது என்று கல் மேசையும் டைல்ஸும் மேல்தளத்தில் கனமான சோபாவும் வைத்தால் ஈர்ப்பு மையம் மேலே ஏறும், படகு உருளும். கனமானது கீழே, லேசானது மேலே.

இரண்டு, காற்றோட்டம். பேனலுக்கும் பலகைக்கும் நடுவே காற்று போகும் வழியை அடைக்கக் கூடாது. குளிர் நாட்டில் மெத்தைக்கு அடியில் ஆவி படிந்து பூஞ்சை வரும். மெத்தைக்குக் கீழே துளை உள்ள பலகை வேண்டும். எந்தப் பேனலையும் ஆணி அடித்து நிரந்தரமாக மூடிவிடாமல், ஸ்க்ரூவில் கழற்றும்படி வைக்க வேண்டும். அடியைப் பார்க்க முடியாதபடி செய்யும் எந்த அலங்காரமும் படகுக்குச் செய்யும் துரோகம்.

மூன்று, பொருள். வீட்டு பிளைவுட் ஈரத்தில் ஏடு ஏடாகப் பிரியும், மரைன் பிளைவுட் வாங்க வேண்டும். மேல்தளம் தேக்கு என்றால் பிரஷர் பம்ப் வைத்து அடிக்கக் கூடாது. மரத்தின் நார் ஓடும் திசைக்குக் குறுக்காக, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஆங்கிலேயர் 'டீக்' என்று சொல்வது போர்ச்சுகீசியர் வழியாகப் போன நம் தென்னாட்டுத் 'தேக்கு'தான் என்பதைத் தம்பி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

நான்கு, பெயின்ட். படகின் அடியில் இருக்கும் பழைய பெயின்டில் செம்பு இருக்கும், ஈயம் இருக்கலாம். டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மமும் இருக்கலாம், பிரிட்டனில் சிறு படகுகளுக்கு 1987இலேயே தடை செய்யப்பட்ட நஞ்சு அது. காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி நேராக நுரையீரலுக்குப் போகும். ஈரம் வைத்துத் தேய்க்க வேண்டும், சரியான முகக்கவசம் வேண்டும், பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. இரண்டு டப்பா கலந்து ஸ்ப்ரே அடிக்கிற பெயின்டில் ஐசோசயனேட் இருக்கும். அதை வல்லுநரிடம் விட்டுவிடு.

இனி பணம். படகின் விலைதான் இதில் மிகச் சிறிய செலவு. நிறுத்துமிட வாடகை, கிரேன் கூலி, காப்பீடு, யார்டில் கிடக்கும் ஒவ்வொரு மாதத்தின் வாடகை, இவை நிற்கவே நிற்காது. "அடுத்த கோடையில்" என்று தம்பி சொல்வதை "அதற்கு அடுத்த கோடையில்" என்று மாற்றிக்கொண்டால் வீட்டில் சண்டை குறையும். வாரக்கடைசி முழுவதும் படகுக்கடியில் படுத்துக் கிடக்கப் போகிறவர், மனைவியிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். அம்மா, உனக்கும் சொல்கிறேன். நீயும் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொள். தண்ணீர் உள்ளே வந்தால் எந்த வால்வை மூட வேண்டும் என்பது படகில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது ஆபத்து.

இன்னும் வாங்காமல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு: அடிமரமான ஏராவும் வங்குகளும் பல இடத்தில் மக்கியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். எஞ்சினை மாற்றலாம், மேல்தளத்தை மாற்றலாம், எலும்புக்கூட்டையே மாற்றினால் அது புதிய படகு கட்டுகிற செலவு. எலும்பு நன்றாக இருந்தால், மற்ற எல்லாவற்றையும் பொறுமையுள்ள ஒருவர் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளலாம்.

நம் மாணவர்களில் மெர்ச்சன்ட் நேவியில் எஞ்சினியராக இருப்பவர்கள் குறைந்தது ஏழெட்டுப் பேர் இதைப் படிப்பீர்கள். தூத்துக்குடியில் தோணி வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் கூட்டவோ குறைக்கவோ வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள், தம்பிக்கு உதவும். திரைச்சீலையின் நிறத்தைப் பற்றி மட்டும் இப்போதைக்கு யாரும் பேச வேண்டாம். பில்ஜ் காய்ந்த பிறகு அதற்குத் தனிப் பதிவு போடலாம்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் வாத்தியார்